அருள் என்னும் சொல்

நுழையும்முன்

தகாதது எது என்பதை மனிதன் அறிவான். அறிந்தும் சில வேளைகளில் அதனையே செய்துவிடுகிறான். செய்தபின் வருந்துகிறான், மீண்டும் தவறுகிறான். அறிவுக்கும் செயலுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியைக் குறித்துச் சிந்திக்காத சமயம் இல்லை. கிறித்தவம் இவ்விடைவெளியைப் ‘பாவம்’ என்று பெயரிட்டு அழைத்தது. அதனைக் கடக்க உதவுவது ‘அருள்’ என்று கூறியது. ஐரோப்பியரால் தமிழகத்தில் பரப்பப்பட்ட அச்சமயம் தன் உயிர்க்கருத்தைச் சொல்லத் தமிழில் எச்சொற்களைத் தேடியது, அச்சொற்கள் எவ்வாறு மாறி வந்தன, தமிழ்ப் படைப்பாளிகள் அக்கருத்தை எவ்வாறு தம் மரபோடு இணைத்தனர் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

வையைக் கரையில்

மதுரை மாநகரின் மேற்குப் பகுதியில் வையையின் தென்கரையை ஒட்டி அமைந்தது ஆரப்பாளையம். இன்று பலரும் அதனை ஒரு பேருந்து நிலையத்தின் பெயராகவே அறிவர். அங்குள்ள புட்டுத்தோப்பு ஒரு பழங்கதையைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. ஆவணி மூலத் திருவிழாவின்போது மீனாட்சி சுந்தரேசுவரர் அங்கு எழுந்தருள, பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடல் நிகழ்த்தப்பெறுகிறது.

அக்கதையை நாம் அறிவோம். வையையில் வெள்ளம் பெருகியது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் மூதாட்டிக்கு ஆள் இல்லை. தானே மண் சுமக்க உடலில் வலிமையும் இல்லை. இறைவனே கூலியாளாய் வந்தான்; உதிர்ந்த பிட்டைக் கூலியாய்ப் பெற்று மண் சுமந்தான்; அரசனின் பிரம்படியையும் ஏற்றான். தன்னால் இயலாத கடமையின் முன் நின்ற ஒருத்திக்காக, இறைவன் தானே இறங்கிவந்து அவளது சுமையைச் சுமந்தான் என்பதே அக்கதையின் உட்பொருள்.

அவ்வெள்ளம் யார் பொருட்டு வந்ததென்று புராணம் கூறுகிறதோ, அந்த மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூரும் மதுரையை அடுத்ததே. தம் சிறுமையைத் தாமே எடுத்துரைத்து, தகுதியற்ற தமக்கும் இறைவன் இரங்கினான் என்று உருகும் குரலைத் திருவாசகம் முழுவதும் கேட்கலாம். கிறித்தவ மறைப்பணியாளரான ஜி.யு. போப் அந்நூலில் பெரிதும் ஈடுபட்டு, 1900ஆம் ஆண்டில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதில் வியப்பில்லை.

‘அருள்’ என்னும் சொல் தமிழில் மிகப் பழையது. திருவள்ளுவர் துறவறவியலின் முதல் அதிகாரத்துக்கு ‘அருளுடைமை’ என்று பெயரிட்டார். பிறிதோரிடத்தில், அன்பு ஈன்றெடுத்த குழந்தையாக அருளை உருவகித்தார். தொடர்புடையாரிடம் செல்லும் உள்ளநெகிழ்ச்சி அன்பு; தொடர்பு நோக்காது எல்லா உயிர்க்கும் விரிவது அருள். சைவசித்தாந்தமோ ‘திருவருள்’ என்பதைத் தன் மையக் கருத்தாக்கியது. உமாபதி சிவாசாரியார் ‘திருவருட்பயன்’ என்றே ஒரு நூல் செய்தார். ஆகவே, கிறித்தவ மறைப்பணியாளர்கள் மதுரைக்கு வந்தபோது, அவர்கள் சொல்ல விரும்பியதற்கு நெருக்கமான ஒரு சொல் இங்கே முன்பே இருந்தது. ஆயினும் அச்சொல்லை அவர்கள் வந்தடைந்த வழி நெடியது. அவ்வழியை அறியுமுன், அவர்கள் சொல்ல விரும்பியது யாது என்பதைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

குறி தவறுதல்

விவிலியத்தின் புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அதில் பாவத்தைக் குறிக்கப் பெரிதும் வழங்கும் சொல் ‘அமார்த்தியா’ என்பது. எய்த அம்பு இலக்கைத் தவறவிடுதல் என்னும் கருத்திலிருந்து தோன்றிய சொல் அது. அவலநாடகத் தலைவனின் வீழ்ச்சிக்குக் காரணமான பிழையைச் சுட்ட அரிஸ்டாட்டிலும் இச்சொல்லையே ஆண்டார். எனவே பாவம் என்பது ஒரு சட்டத்தை மீறுவது மட்டுமன்று. மனிதன் தான் சென்றடைய வேண்டிய இலக்கைத் தவறவிடுவதும் ஆகும் என்பது அச்சொல்லால் விளங்கும்.

இலக்கு தெரியாமல் தவறுவது ஒன்று. தெரிந்தே தவறுவது மற்றொன்று. இரண்டாவதே கடினமானது. திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதிய மடலின் ஏழாம் அதிகாரத்தில் இதனை வெளிப்படையாக எழுதினார். நல்லது இன்னதென்று தம் மனம் அறிந்து அதனை விரும்பியபோதும், தம் செயல் அதற்கு எதிராகச் செல்கிறது என்று அவர் முறையிட்டார். தமக்குள் இரு நெறிகள் ஒன்றோடொன்று போரிடுவதாக அவர் உணர்ந்தார். சமயத் தலைவர் ஒருவர் தம் தோல்வியை மறைக்காமல் எழுதிய அப்பகுதி, பிற்காலச் சிந்தனையாளர் பலரைத் தம் உள்ளத்துக்குள் நோக்கச் செய்தது.

அவர்களுள் முதன்மையானவர் வட ஆப்பிரிக்காவில் பிறந்த அகுஸ்தீன் (354 – 430). இறைவனை முன்னிலைப்படுத்தி அவர் எழுதிய தன்வரலாற்று நூலில் ஒரு சிறு நிகழ்ச்சி இடம்பெறுகிறது. பதினாறு வயதில் நண்பர்களோடு சேர்ந்து அவர் இரவில் ஒரு தோட்டத்துப் பேரிக்காய்களைத் திருடினார். பசியால் திருடவில்லை, அவற்றைவிட நல்ல கனிகள் அவரிடமே இருந்தன. திருடிய காய்களுள் பெரும்பாலானவை பன்றிகளுக்கு எறியப்பட்டன. அப்படியாயின் ஏன் திருடினேன் என்று அவர் தம்மையே வினவிக்கொண்டார். தவறு செய்வதில் கிடைத்த இன்பத்துக்காகவே திருடினேன் என்றும், தனியாக இருந்திருந்தால் செய்திருக்கமாட்டேன் என்றும் விடை கண்டார். கூட்டத்தோடு சேரும்போது மனிதனின் நாணம் குறைகிறது என்னும் அக்கண்டறிவு, ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் கடந்தும் இளையோருக்குப் பொருந்துவதாக உள்ளது.

அகுஸ்தீன் பின்னர்ப் பெரும் அறிஞரானார்; ஆயினும் அறிவால் மட்டும் தம்மைத் திருத்திக்கொள்ள அவரால் இயலவில்லை. தீயதை விட்டுவிட விரும்பினார். ஆனால் உடனே விட்டுவிட அவர் மனம் இசையவில்லை. 386ஆம் ஆண்டில் மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் அப்போராட்டம் முடிவுக்கு வந்தது. தம் வலிமை தீர்ந்த இடத்தில் இறைவனின் உதவி தொடங்கியது என்று அவர் நம்பினார். கிறித்தவ மரபு அவ்வுதவியையே அருள் என்கிறது.

கூலியும் கொடையும்

அருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘காரிஸ்’. விலையின்றித் தரப்படும் கொடை, கனிவு, நயம் ஆகிய பொருள்கள் அதில் அடங்கும். பாவத்துக்குக் கிடைப்பதைக் கூலி என்றும், இறைவன் தருவதைக் கொடை என்றும் பவுல் வேறுபடுத்தினார். கூலி உழைப்புக்கு ஈடானது, கணக்கிட்டுத் தரப்படுவது. கொடையோ பெறுபவரின் தகுதியை அளந்து தரப்படுவதன்று. கொடுப்பவரின் உள்ளத்திலிருந்து பிறப்பது.

இவ்வேறுபாட்டை இயேசு பெருமான் ஒரு கதையால் விளக்கினார். லூக்கா நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தில் உள்ள ஊதாரி மகன் கதை அது. இளைய மகன் தந்தை உயிரோடிருக்கும்போதே தன் பங்கைக் கேட்டுப் பெற்றுத் தொலைநாடு சென்றான், அனைத்தையும் அழித்தான், பஞ்சம் வந்தபோது பன்றி மேய்க்கும் நிலைக்குத் தாழ்ந்தான். அப்போது அவனுக்கு அறிவு தெளிந்தது. தந்தையிடம் திரும்பிச் செல்லவும், இனி மகன் என்னும் உரிமையைக் கோராமல் கூலியாளாகச் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டவும் முடிவு செய்தான்.

அவன் கணக்கு கூலிக் கணக்கு. தந்தையின் கணக்கோ வேறு. மகன் தொலைவில் வரும்போதே அவர் கண்டார். முதியவர் ஓடிச்சென்று தழுவிக்கொண்டார். மகன் மனப்பாடம் செய்துவந்த வேண்டுகோளைச் சொல்லி முடிக்கும் முன்பே புத்தாடையும் மோதிரமும் கொண்டுவரப் பணித்தார். விருந்துக்கு ஏற்பாடு செய்தார். கதை இத்துடன் முடிவதில்லை. வீட்டைவிட்டு அகலாமல் உழைத்த மூத்த மகன் அவ்விருந்தைக் கண்டு சினந்து உள்ளே வர மறுத்தான். அவனும் தன்னைக் கூலியாளாகவே எண்ணியிருந்தான் என்பது அவன் பேச்சிலிருந்து புலனாகிறது. தந்தை அவனையும் தேடி வெளியே வந்தார். தவறியவனுக்கு மட்டுமின்றி, தவறவில்லை என்று செருக்குற்றவனுக்கும் அருள் தேவை என்பதே கதையின் நுட்பம்.

அருளைக் காட்ட மதுரைக் கதையும் நற்செய்திக் கதையும் கையாண்ட காட்சிகள் ஒப்புநோக்கத் தக்கவை. வந்தியின் கதையில் இறைவன் கூலியாளாய் இறங்கி வருகிறான். நற்செய்திக் கதையில் கூலியாளாக வர எண்ணியவன் மகனாய் ஏற்கப்படுகிறான். இவ்விரு கதைகளும் பிறந்த சமயங்கள் வேறு. அவற்றின் கோட்பாடுகளும் வேறு. எனினும் கைம்மாறு கருதாது இறங்கிவரும் இரக்கம் இரண்டிலும் உள்ளது. ஆதலால்தான் ஒரு மரபின் சொல் மற்றொரு மரபுக்கும் பயன்பட முடிந்தது.

சொல் தேடிய பயணம்

தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கமே இத்தேடலோடு பிணைந்துள்ளது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அன்ட்ரிக் அடிகளார் 1578ஆம் ஆண்டில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலைக் கொல்லத்தில் அச்சிட்டார். 1580ஆம் ஆண்டில் ‘கொம்பெசியோனாயரு’ என்னும் நூல் வெளிவந்தது. ஒருவர் தம் குற்றங்களை ஆராய்ந்து உணர்ந்து, குருவிடம் அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவதற்கு வழிகாட்டும் நூல் அது. தமிழில் மிக முற்பட அச்சேறிய நூல்களுள் ஒன்று மனச்சான்றைச் சோதித்துப் பார்ப்பதற்கான கையேடாக அமைந்தது குறிப்பிடத்தக்கது. அதன் பெயர் ‘பாவ அறிக்கை’யைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லின் ஒலிபெயர்ப்பு என்பதையும் நோக்குக. கருத்து தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. அதற்குரிய தமிழ்ப்பெயர் இன்னும் அமையவில்லை.

1606ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டவரான இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். தத்துவ போதகர் எனப்பெற்ற அவர் தமிழோடு வடமொழியும் தெலுங்கும் பயின்றார். அயல்மொழிச் சொற்களை அப்படியே வழங்கினால் புதிய கருத்துகள் மக்கள் மனத்தில் வேரூன்றா என உணர்ந்து, இந்நாட்டுச் சமயச் சொற்களை எடுத்தாண்டார். அவர் காலத்தை ஒட்டியும் பின்னரும் தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் அருளைக் குறிக்கப் ‘பிரசாதம்’, ‘இஷ்டப்பிரசாதம்’, ‘பிரியதத்தம்’ போன்ற சொற்கள் வழங்கின. கோயிலில் பெறும் பிரசாதம் கூலியன்று, அன்போடு வழங்கப்படுவது. ஆதலால் அச்சொல் பொருத்தமாகவே அமைந்தது. சீர்திருத்தத் திருச்சபையினரிடையே ‘கிருபை’ என்னும் வடசொல் நிலைபெற்றது. அவர்தம் விவிலியம், பாடல், மன்றாட்டு அனைத்திலும் அதுவே ஆட்சி செலுத்தியது. இன்றும் வழக்கில் உள்ளது.

‘அருள்’ என்னும் தமிழ்ச்சொல் இக்காலங்களில் மறைந்திருக்கவில்லை, பெயர்களுக்குள் வாழ்ந்தது. ‘யோவான்’ என்னும் பெயரின் எபிரேய மூலத்துக்குக் ‘கடவுள் அருளுடையவர்’ என்பது பொருள். அப்பெயர் தமிழில் ‘அருளப்பன்’ என ஆயிற்று. மதுரை மறைப்பணித் தளத்தைச் சேர்ந்து, மறவர் நாட்டில் பணியாற்றி, 1693ஆம் ஆண்டில் ஓரியூரில் கொல்லப்பட்ட ஜான் தெ பிரிட்டோ ‘அருளானந்தர்’ எனப்பட்டார். மதுரைக்கு மேற்கே கருமாத்தூரில் உள்ள அருள் ஆனந்தர் கல்லூரி அவர் பெயரைத் தாங்கியுள்ளது. வீரமாமுனிவரோ தம் தேம்பாவணியில் திருமுழுக்கு யோவானுக்குக் ‘கருணையன்’ என்று பெயர் சூட்டினார். ஒலியை எழுத்துப் பெயர்க்காமல் பொருளை மொழிபெயர்த்த திறம் இது.

1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம், கத்தோலிக்க வழிபாட்டை அவரவர் தாய்மொழியில் நடத்த வழிவகுத்தது. அதன்பின் தமிழ் வழிபாட்டு மொழி பெரிதும் மாறியது. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த ‘திருவிவிலியம்’ என்னும் பொது மொழிபெயர்ப்பில் ‘அருள்’ என்னும் சொல் உரிய இடத்தைப் பெற்றது. வையைக் கரையில் முன்பே ஒலித்துக்கொண்டிருந்த சொல்லை வந்தடைய ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஆயின.

தெரிந்து தெளிவோம்

தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் சொல் மாற்றம்
பழைய வழக்கு – இன்றைய வழக்கு
பிரியதத்தம், இஷ்டப்பிரசாதம் – அருள்
பாவசங்கீர்த்தனம் – ஒப்புரவு
தேவதிரவிய அனுமானம் – அருளடையாளம்

முதுகில் ஒரு சுமை

சொற்கள் கருத்தைத் தரும். அக்கருத்தை வாழ்வாக்கிக் காட்டுவது இலக்கியம். பாவத்தோடு போராடும் மனிதனைத் தமிழ்க் காப்பியத் தலைவனாக்கியவர் எச்.ஏ. கிருட்டிணப் பிள்ளை. நெல்லைச் சீமையைச் சேர்ந்த கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பராமாயணத்தில் தோய்ந்து வளர்ந்தவர் அவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றினார். 1858ஆம் ஆண்டில் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். சமயம் மாறியபின்னும் அவர் தம் தமிழை மாற்றிக்கொள்ளவில்லை. கம்பரிடம் கற்ற காப்பிய நடையையே தம் புதிய நம்பிக்கைக்கு ஊர்தியாக்கினார்.

அவர் முதனூலாகக் கொண்டது ஜான் பனியன் எழுதிய ‘திருப்பயணியின் முன்னேற்றம்’. பனியன் பாத்திரங்களைச் செப்பனிடும் எளிய தொழிலாளி. அரசின் இசைவின்றிச் சமயப்பொழிவு ஆற்றியமைக்காக 1660 முதல் 1672 வரை இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு சிறையில் அடைக்கப்பட்டார். ‘திருப்பயணியின் முன்னேற்றம்’ 1678ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அழிவின் நகரத்தில் வாழும் ஒருவன் தன் முதுகில் பெருஞ்சுமை இருப்பதை உணர்கிறான். அதனைத் தானே இறக்கிவைக்க அவனால் இயலவில்லை. சுமையோடு பயணம் புறப்பட்டவன் அவநம்பிக்கை என்னும் சேற்றில் அழுந்துகிறான். பிறர் கூறிய தவறான வழியிலும் செல்கிறான். இறுதியில் சிலுவையின் அடியில் நிற்கும்போது அச்சுமை தானே கழன்று உருண்டோடுகிறது.

சுமை இறங்கிய இடத்தில் கதை முடிந்துவிடவில்லை என்பதைக் கருதுதல் வேண்டும். பயணத்தின் பெரும்பகுதி அதற்குப் பின்னரே நிகழ்கிறது. மன்னிப்புப் பெற்றவனும் உறங்கிப்போகிறான், வழிதவறுகிறான், ‘மனமுறிவு’ என்னும் அரக்கனின் கோட்டையில் சிறைப்படுகிறான். அக்கோட்டைக் கதவைத் திறக்கும் சாவி அவன் மடியிலேயே இருந்தது. துயரத்தில் அதனை மறந்திருந்தான். இறைவனின் வாக்குறுதியே அச்சாவி. அருள் ஒருமுறை கிடைத்ததும் போராட்டம் ஓய்ந்துவிடும் என்று இக்கதை கூறவில்லை. தோற்றவன் மீண்டும் எழலாம் என்றே கூறுகிறது.

நூல்வெளி

இரட்சணிய யாத்திரிகம் 1894ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என்னும் ஐந்து பருவங்களையும் 3766 பாடல்களையும் கொண்டது. இதன் ஆசிரியர் எச்.ஏ. கிருட்டிணப் பிள்ளை (1827 – 1900) ‘கிறித்தவக் கம்பர்’ எனப் போற்றப்படுகிறார். போற்றித் திருஅகவல், இரட்சணிய மனோகரம் ஆகியன இவருடைய பிற நூல்கள்.

புழுதி படிந்த அறை

பாவத்துக்கும் அருளுக்கும் உள்ள தொடர்பைப் பனியன் ஒரு காட்சியால் விளக்குகிறார். பயணி ஒரு வீட்டினுள் அழைத்துச் செல்லப்படுகிறான். அங்கே நெடுங்காலம் பெருக்கப்படாத ஓர் அறை உள்ளது. ஒருவன் துடைப்பத்தால் பெருக்கத் தொடங்கியதும் புழுதி எழுந்து அறையெங்கும் பரவுகிறது. பயணிக்கு மூச்சுத் திணறுகிறது. பின்னர் ஒரு பெண் நீர் கொணர்ந்து தெளிக்கிறாள். புழுதி அடங்குகிறது, அறை எளிதில் தூய்மையாகிறது.

வாசல் தெளித்துப் பெருக்கும் வழக்கமுடைய தமிழ் வீட்டாருக்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை. வறண்ட மண்ணை வெறுந்துடைப்பத்தால் பெருக்கினால் புழுதி இடம்பெயருமே தவிர நீங்காது. அவ்வறை மனித உள்ளம் என்றும், பெருக்குபவன் சட்டம் என்றும், நீர் தெளிப்பவள் நற்செய்தி என்றும் பனியன் பொருள் கூறுகிறார். சட்டம் தவறு இன்னதென்று காட்டும், கண்டிக்கும், உள்ளே படிந்திருந்ததைக் கிளப்பிவிடும். உள்ளத்தைத் தூய்மையாக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. அருள் என்னும் ஈரம் பட்ட பின்னரே தூய்மை இயலும்.

இவ்வுவமையிலிருந்து மற்றொன்றையும் உணரலாம். நீர் தெளித்தவுடன் வேலை முடிவதில்லை; அதன்பின்னும் பெருக்கத்தான் வேண்டும். அருள் மனித முயற்சியைத் தேவையற்றதாக்குவதில்லை, பயனுடையதாக்குகிறது. இறைவன் மன்னிப்பார் என்பதனால் தவறு செய்துகொண்டே இருக்கலாமோ என்னும் ஐயம் பவுல் காலத்திலேயே எழுந்தது. கூடவே கூடாது என்று அவர் அதனை மறுத்தார். மன்னிப்பைத் தவறுக்கு உரிமச்சீட்டாகக் கொள்பவன் அதன் மதிப்பை உணராதவன்.

அருள் பெற்றவர் கடன்

தனிமனித உள்ளத்தின் குற்றம் மட்டுமா பாவம்? ஒருவன் பொய் சொல்வது பாவமாயின், ஓர் ஊரே சேர்ந்து சிலரைத் தெருவுக்கு அப்பால் ஒதுக்கிவைப்பது யாது? இவ்வினாவை இருபதாம் நூற்றாண்டின் தமிழ் இறையியலாளர் எழுப்பினர். ஆரப்பாளையத்தை அடுத்த அரசரடியில் 1969ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இச்சிந்தனைக்கு ஒரு களமாக அமைந்தது. அங்கு ஆசிரியராக இருந்த தெயோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டுப் பாடல்கள் அமைத்தார். சாதியும் சுரண்டலும் பாவம் என்பதை எளிய மக்களின் பேச்சுமொழியில் அவர் பாடினார். அனைவரும் ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்துண்ணும் குடும்பமாக இறையாட்சியைக் கண்டார். அருள் விண்ணிலிருந்து இறங்கும் ஒன்று மட்டுமன்று. மனிதர் ஒருவரோடொருவர் சோற்றைப் பகிரும்போது மண்ணில் காணக்கூடியதும் ஆகும் என்பது அவர் பார்வை.

நற்செய்தியிலும் இதற்குச் சான்று உண்டு. சக்கேயு என்பவன் வரி தண்டுவோரின் தலைவன், மக்களை ஏய்த்துச் செல்வம் சேர்த்தவன், ஊரார் வெறுத்தவன். குள்ளமானவன் ஆதலால் இயேசுவைக் காண அத்திமரத்தில் ஏறியிருந்தான். அவன் திருந்தினானா என்று வினவாமல், அன்று அவன் வீட்டில் தங்கப்போவதாக இயேசு கூறினார். ஊர் முணுமுணுத்தது. சக்கேயுவோ தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏய்த்துப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் உறுதி கூறினான்.

நிகழ்ச்சியின் வரிசை கருதத்தக்கது. திருப்பித் தந்ததனால் அவன் ஏற்கப்படவில்லை. ஏற்கப்பட்டதனால் திருப்பித் தந்தான். அதே வேளையில், மன்னிப்புப் பெற்றவன் தன்னால் இழப்புற்றவர்களை மறந்துவிடவும் இல்லை. இறைவனிடம் வருந்துவது எளிது. தான் வஞ்சித்த மனிதரின் வாயிலில் சென்று நிற்பது அரிது. அந்த அரிய செயலைச் செய்யும் துணிவே அருளின் அடையாளம். ‘ஒப்புரவு’ என்னும் இன்றைய சொல் இதனையே உணர்த்துகிறது. முறிந்த உறவை மீண்டும் ஒன்றாக்குதல் என்பது அதன் பொருள். ஊருக்கு உதவி வாழ்தலைக் குறிக்க வள்ளுவர் ஆண்ட சொல்லும் ‘ஒப்புரவு’தான்.

நிறைவாக

குற்றத்தை மறுப்பவனும் திருந்துவதில்லை. குற்றத்திலேயே மூழ்கித் தன்னை வெறுப்பவனும் திருந்துவதில்லை. முன்னவனைச் செருக்கு தடுக்கிறது. பின்னவனை மனமுறிவு தடுக்கிறது. குற்றத்தைக் குற்றம் என்றே சொல்லி, குற்றவாளியை மட்டும் கைவிடாத ஓர் அன்பு வேண்டும். கிறித்தவம் அதனை இறைவனின் அருள் என்று நம்புகிறது. அந்நம்பிக்கையை ஏற்போரும் ஏலாதோரும், தம்மிடம் தவறியவரை எவ்வாறு நடத்துவது என்னும் வினாவை எதிர்கொண்டே தீரவேண்டும். தோற்றுத் திரும்பும் தோழனிடம் கணக்குக் கேட்பதா, எதிர்சென்று அழைப்பதா என்பதை முடிவு செய்யும் பொழுதில், ‘அருள்’ என்னும் பழந்தமிழ்ச் சொல்லின் பொருள் ஒவ்வொருவர் வாழ்விலும் எழுதப்படுகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் ‘அருள்’ என்னும் சொல்லை முதலாகக் கொண்ட ஊர்ப்பெயர்கள், மக்கட்பெயர்கள், நிறுவனப் பெயர்களைத் தொகுத்து வகைப்படுத்துக.
2. மன்னிப்பின் பெருமையை உணர்த்தும் கதைகளைப் பல்வேறு சமய இலக்கியங்களிலிருந்து திரட்டி வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. ஊதாரி மகன் கதையை மூத்த மகனின் பார்வையில் ஓரங்க நாடகமாக எழுதி நடிக்க.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ‘அமார்த்தியா’ என்னும் கிரேக்கச் சொல் உணர்த்தும் பொருள்
அ) கடன்படுதல் ஆ) குறி தவறுதல் இ) சுமை சுமத்தல் ஈ) வழி மறத்தல்

2. தேம்பாவணியில் திருமுழுக்கு யோவானுக்குச் சூட்டப்பெற்ற பெயர்
அ) அருளப்பன் ஆ) அருளானந்தன் இ) கருணையன் ஈ) வளன்

3. பொருத்தமற்ற இணையைத் தேர்க.
அ) தம்பிரான் வணக்கம் – 1578
ஆ) தெ நொபிலியின் மதுரை வருகை – 1606
இ) இரட்சணிய யாத்திரிகம் – 1894
ஈ) திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு – 1965

குறுவினா

1. அன்பு, அருள் – வேறுபடுத்துக.
2. அருளைக் குறிக்கப் ‘பிரசாதம்’ என்னும் சொல் பொருத்தமானது எவ்வாறு?
3. மனமுறிவு என்னும் அரக்கனின் கோட்டைக் கதவைத் திறந்த சாவி எது?

சிறுவினா

1. பேரிக்காய்த் திருட்டிலிருந்து அகுஸ்தீன் கண்டறிந்த உண்மைகளை எழுதுக.
2. ‘திருப்பித் தந்ததனால் அவன் ஏற்கப்படவில்லை, ஏற்கப்பட்டதனால் திருப்பித் தந்தான்’ – இடஞ்சுட்டி விளக்குக.
3. புழுதி படிந்த அறை என்னும் உவமையின் வழிச் சட்டத்தின் எல்லையையும் அருளின் ஆற்றலையும் விளக்குக.

நெடுவினா

1. பாவம், அருள் ஆகிய கருத்துகளைத் தமிழ்மொழி தன்வயமாக்கிக்கொண்ட வரலாற்றைத் தொகுத்து எழுதுக.
2. ‘அருள் மனித முயற்சியைத் தேவையற்றதாக்குவதில்லை; பயனுடையதாக்குகிறது’ – இக்கூற்றைப் பாடப்பகுதியின் சான்றுகளுடன் நிறுவுக.